அம்பு எதைப் பிடித்திருக்கிறது?

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. டிப்ளமா முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன். பேட்டர்னும் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி உரு) வார்ப்பும் வாளையாறு தாண்டி கோயம்புத்தூர் பக்கம், மெஷினிங் எங்களிடம். புதிய வேலைகளை சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருளில் செய்கிறோம். பழைய டிராயிங் எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கிடக்கிறது.

போன மாதம் ஒரு கேசிங்கில் (பம்பின் வெளிக்கூடு) ஃபிளாஞ்ச் (போல்ட் போடுகிற தட்டையான வளையம்) தடிமனை 16 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆக்கி, ஓரத்துக்கு ஃபில்லட்டும் (கூர்மையை மழுக்கும் வளைவு) கொடுக்கச் சொன்னார்கள். மாடலில் உடனே மாற்றிவிட்டேன். டிராயிங்கைத் திறந்தால் பாதி டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) பழுப்பேறி நிற்கிறது. ‘இந்தப் பரப்பை மெஷின் செய்யவும்’ என்ற குறிப்பின் அம்பு காற்றில் தொங்குகிறது. அவசரத்தில் அதைப் பிடித்து நகர்த்தி வைத்தேன், அது பக்கத்துப் பரப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. சில வார்ப்புகள் வீணாகிவிட்டன. எங்கள் மேனேஜர், “எல்லாவற்றையும் எக்ஸ்ப்ளோட் பண்ணி வைத்துவிடு, ஒன்றும் நகராது” என்கிறார். குறிப்பை எங்கே வைத்தால் நகராமல் இருக்கும்? 3டி மாடலிலேயே எழுதிவிடலாம் என்கிறார்களே, அது எங்களுக்குச் சரிப்படுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மேனேஜர் சொல்வது சரிதான், எக்ஸ்ப்ளோட் செய்தால் ஒன்றும் நகராது. மாடல் 20 ஆன பிறகும் டிராயிங் 16 என்றே சாதித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ப்ளோட் செய்த டைமென்ஷன் வெறும் கோடும் எழுத்தும்தான், அதற்கு அளக்கத் தெரியாது. பாகம் நகரும்போது கூடவே நகர்கிற குறிப்புதான் உங்களுக்கு வேண்டும்.

‘எங்கே வைப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ‘எதில் கட்டுவது’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. எழுத்து தாளில் எங்கே உட்கார்ந்தாலும் படிக்க முடிந்தால் போதும். அதன் மறுமுனை எதைப் பிடித்திருக்கிறது என்பதில்தான் வார்ப்பு பிழைப்பதும் வீணாவதும்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் துப்பு கொடுத்தது அம்பு. மெஷினிங் குறிப்பு பரப்பைப் பற்றியது. குறிப்பிலிருந்து பாகத்துக்குப் போகிற கோட்டுக்கு லீடர் என்று பெயர். பரப்புக்குள் முடிகிற லீடருக்கு முனையில் புள்ளி, விளிம்புக் கோட்டில் முடிவதற்கு அம்பு. டிராயிங் வகுப்பில் படித்த பழைய விதிதான். சாலிட்வொர்க்ஸில் லீடர் முனையைத் தானாகத் தேர்வு செய்யும்படி விட்டிருந்தால், பரப்பைத் தொட்டால் புள்ளியும் விளிம்பைத் தொட்டால் அம்பும் அதுவே போட்டுக்கொள்ளும். உங்களுடையது அம்பு என்றால் நீங்கள் கட்டியது விளிம்பில். அந்த விளிம்பின் மேல் ஃபில்லட் வந்தது. கூர்மையான விளிம்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு வளைந்த பரப்பை வைப்பதுதான் ஃபில்லட்டின் வேலை. கட்டிய இடமே இல்லாமல் போனால் அம்பு காற்றில் நிற்காமல் என்ன செய்யும்? தடிமனை 20 ஆக்கியதில் எந்தத் தப்பும் இல்லை. அது மட்டும் மாறியிருந்தால் அநேகமாக எல்லாம் ஒழுங்காகக் கூடவே வந்திருக்கும்.

ஆகவே பரப்பைப் பற்றிய குறிப்பைப் பரப்பிலேயே கட்டுங்கள். ஃபில்லட்டும் சாம்ஃபரும் (விளிம்பைச் சாய்வாக வெட்டுவது) கடைசியில் வந்து விளிம்புகளைத் தின்னும், பரப்பு சற்றுச் சுருங்கினாலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். தடிமன் மாதிரியான அளவுகளை டிராயிங்கில் கோடு பார்த்துப் புதிதாகப் போடாமல், ‘மாடல் ஐட்டம்ஸ்’ வழியாக மாடலிலிருந்தே வரவழையுங்கள். அந்த 16 எந்த எக்ஸ்ட்ரூடில் (ஸ்கெட்ச்சை இழுத்துத் தடிமன் கொடுக்கிற படி) பிறந்ததோ அதற்கே சொந்தமானது. எத்தனை ஃபில்லட் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஏற்கெனவே பழுப்பேறிப்போனவற்றை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டாம். முனையை இழுத்துச் சரியான விளிம்பில் விட்டால் ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிறத்தைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், ‘எனக்குப் பிடி இல்லை’ என்று அது நேர்மையாகச் சொல்கிறது. எரிச்சலில் இழுத்து எங்கோ விட்டால் பழுப்பு போய்விடும், தப்பு தங்கிவிடும்.

இன்னொரு விஷயம். ஸ்கெட்ச்சில் கோட்டை இழுத்து மாற்றுவதும், அழித்துவிட்டு அதே இடத்தில் புதுக்கோடு போடுவதும் பார்வைக்கு ஒன்றுதான். மென்பொருளுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் அது ஒரு உள்பெயர் வைத்திருக்கிறது. பழையது போனால் அதிலிருந்து பிறந்த பரப்பின் பெயரும் போகும், பரப்பைப் பிடித்திருந்த குறிப்பும் அநாதையாகும். இலவச மென்பொருளான ஃப்ரீகேடில் இது வருடக்கணக்கில் பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே விளிம்புகளுக்கு எட்ஜ்1, எட்ஜ்2 என்று வரிசை எண்தான். தெருவில் ‘ஏழாவது வீடு’ என்று விலாசம் எழுதி வைத்திருக்கும்போது நடுவில் ஒரு புது வீடு எழும்பினால் கடிதம் அடுத்த வீட்டுக்குப் போகும் அல்லவா, அதேதான். உங்கள் அம்பை நீங்கள் கையால் தாவவைத்தீர்கள், அங்கே தானாகவே தாவும், ஒரு எச்சரிக்கையும் வராது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் இதை நிறைய அளவுக்குச் சரி செய்தார்கள். முழுவதும் தீர்ந்துவிட்டது என்று அவர்களே சொல்லவில்லை.

ஆட்டோகேட் பழசுகளுக்கு வருகிறேன். வடிவத்தோடு உண்மையாகப் பிணைந்த டைமென்ஷன் அதில் 2002 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய கோப்பு என்றால் டைமென்ஷன் அந்தரத்தில் உள்ள சில புள்ளிகளைத்தான் பிடித்திருக்கும். ‘டிம்அசோக்’ என்று அடித்துப் பாருங்கள். 2 என்று வந்தால் பிணைப்பு உண்டு. 1 என்றால் டைமென்ஷன் முழுதாக இருக்கும், ஆனால் வடிவத்தைப் பிடித்திருக்காது. 0 என்றால் பிறக்கும்போதே எக்ஸ்ப்ளோட் ஆனது. இந்த மதிப்பு ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது, ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. 2 ஆக்கினாலும் இனிமேல் போடுகிறவைக்குத்தான் பலன். பழையவற்றை ‘டிம்ரீஅசோசியேட்’ கட்டளையால் ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் அனோடேஷன் மானிட்டரைப் போட்டுவிட்டால் பிடி இல்லாதவற்றின் மேல் ஆச்சரியக்குறி காட்டும். பழைய கோப்பைத் திறந்து அதைப் போட்டால் திரை முழுக்க ஆச்சரியக்குறியாக இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம்விட நான் வெறுப்பது ஒன்று உண்டு, அளவைக் கையால் அடித்து எழுதுவது. ஒரு பட்டறையில் பார்த்தேன். துளையின் விட்டம் டிராயிங்கில் 48, மாடலில் 45. யாரோ அவசரத்துக்கு எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார். அதே மாடலிலிருந்து சிஎன்சி புரோகிராம் எடுத்தவர் 45 போட்டார், வெர்னியரும் டிராயிங்குமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, நாள் முழுக்கச் சண்டை. ஆட்டோகேடில் அளவோடு ஏதாவது சேர்த்து எழுத வேண்டுமானால் <> என்ற குறியை அழிக்காமல் விடுங்கள். ‘4 துளைகள் <>’ என்று எழுதினால் அந்தக் குறியின் இடத்தில் உண்மையான அளவு எப்போதும் வந்து நிற்கும்.

சரி, எங்கே வைப்பது? பாகத்தின் உருவத்துக்கு வெளியே, பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், லீடர்கள் ஒன்றையொன்று வெட்டாமல். அவ்வளவுதான்.

அப்புறம் 3டி. மாடலிலேயே அளவும் டாலரன்ஸும் (அளவு எவ்வளவு பிசகலாம் என்பது) எழுதுவதற்கு 2003இல் ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41 என்ற தரம் வந்தது, 2006இல் ஐ.எஸ்.ஓ. 16792. அங்கே ஒவ்வொரு குறிப்பும் ஒரு தளத்தில் உட்காரும். மாடலைத் திருப்பினால் தளமும் கூடவே திரும்பும், அதனால் முன்பக்கத்துக்கு ஒன்று, ஃபிளாஞ்சுக்கு ஒன்று என்று பிரித்து வைக்காவிட்டால் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும். குறிப்பைத் தொட்டால் அது பேசுகிற பரப்பு ஒளிர வேண்டும், அந்த வசதிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் வேறு மென்பொருளுக்கு அனுப்பும்போது அது பிழைக்க வேண்டுமே. மென்பொருள்களுக்கிடையே மாடலைக் கொண்டுபோகிற ஸ்டெப் கோப்பின், 2014இல் வெளியான ஏ.பி.242 வடிவத்தில் குறிப்பு இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று வெறும் படமாக, கண்ணால் படிக்கத்தான் ஆகும். இன்னொன்று பொருளோடு, எந்தப் பரப்புக்கு என்ன டாலரன்ஸ் என்று இயந்திரமே புரிந்துகொள்ளும்படி. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஏமாந்துபோவது இங்கேதான். பழைய ஏ.பி.203 அல்லது 214 என்று சேமித்து அனுப்பினால் குறிப்பெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோக நிறைய வாய்ப்பு.

உங்கள் பேட்டர்ன்காரர் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கிறவராக இருந்தால் 2டியை நிறுத்தாதீர்கள். உங்கள் மெஷினிங் பகுதிக்கு மட்டும் 3டி குறிப்பை ஒரு பாகத்தில் போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூருக்கு அனுப்பும்போது ஸ்டெப் கோப்போடு அதே ரிவிஷனில் எடுத்த பி.டி.எஃப்.ஐயும் சேர்த்து அனுப்புங்கள். முரண் வந்தால் எது செல்லும் என்பதை டைட்டில் பிளாக்கில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அந்த வரியை மேனேஜரிடமே கேட்டு எழுதுங்கள், அப்போது எக்ஸ்ப்ளோட் பற்றியும் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணன்