ஐந்து பைசா – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நாங்கள் மூன்று பேர், ஈரோட்டுக்காரர்கள். சிறிய ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்காகக் கடன் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி, மூலநிரலோடு கிட்ஹப்பில் போட்டிருக்கிறோம். ஸ்டார் விழுகிறது, ஒரு கம்பெனிகூட எடுத்து ஓட்டவில்லை. மாற்றி எழுதி இணையச் சேவையாக ஓட்டுபவரும் தன் நிரலைத் திறந்து தர வேண்டும் என்னும் ஏஜிபிஎல் உரிமத்தில் வைத்திருக்கிறோம், அதை மாற்ற வேண்டுமா? யூடியூபில் டெமோ போடலாமா? ஒரு மேனேஜர், "ஓசியில் வருவதை எப்படி நம்புவது?" என்றார். இன்னோரிடத்தில், 10,000 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம், 12 தவணை என்ற அட்டவணையைப் பார்த்த கணக்கர், கால்குலேட்டரைத் தட்டி, ஐந்து பைசா இடிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். ஐந்து பைசாவுக்காக! இப்படிப்பட்டவர்களிடம் திறமூல மென்பொருளை எப்படிக் கொண்டு சேர்ப்பது?

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

சிறு கம்பெனிகளுக்கென்று மூன்று பேர் கைக்காசு போட்டு நிரல் எழுதி, அதைத் திறந்தும் வைத்திருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் எழுந்து போனாரே, அவரைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். கொஞ்ச நாளாகவே இந்தப் பைசா விவகாரத்தை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். கடன் கணக்குக்கான திறமூல மென்பொருள் ஃபினராக்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது, நிறுவனக் கணக்கு வழக்குக்கான ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் 3 உரிமத்தில் இருக்கிறது. இரண்டையும் நிறுவனங்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எதையாவது வையுங்கள். டெமோ போடுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஓசி என்று சொன்ன மேனேஜர் கேட்டது வேறு: மார்ச் 31 ராத்திரி கணக்கு முடியாமல் நின்றால் யாரைக் கூப்பிடுவது? ஒரு போன் நம்பரும் ஆண்டு பராமரிப்புக்கு ஒரு தொகையும் எழுதிக் கொடுத்தால் அவர் பாதி சமாதானமாவார்.

இனி ஐந்து பைசா. சூத்திரப்படி உங்கள் தவணை 945.5959662 ரூபாய். அதை ஃப்ளோட்டாக, அதாவது பைசாவுக்குக் கீழே உள்ள இலக்கங்களோடு தோராயமான தசம எண்ணாக, அப்படியே சேமித்துவிட்டு, திரையில் மட்டும் 945.60 என்று காட்டியிருக்கிறீர்கள். கணக்கர் 945.60-ஐ 12-ஆல் பெருக்கினார்: 11,347.20. உங்கள் அட்டவணையின் அடியில் 11,347.15 என்றிருந்திருக்கும். கோளாறு எங்கே என்று தேடாமல், அவர் எழுந்து போனதற்குக் கோபப்படுகிறீர்கள். அந்த ஆச்சரியக்குறியை முதலில் அழியுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் உங்கள் மொத்தம் சரி. கடைசி வரிதான் தப்பு. தவணையை ஒரே ஒரு முறை அருகிலுள்ள பைசாவுக்கு முழுமையாக்கி (ரவுண்ட் செய்து) 945.60 என்று நிறுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் மீதி அசலில் 2 சதவீதம் வட்டி. அதையும் பைசாவுக்கு முழுமையாக்குங்கள். தவணையில் வட்டி போக மிச்சம் அசலுக்கு. முதல் மாதம் வட்டி 200.00, அசல் 745.60, மீதி 9,254.40. இரண்டாம் மாத வட்டி 185.088 வரும், அது 185.09. இப்படியே போனால் பதினோராம் தவணைக்குப் பிறகு மீதி 927.01 நிற்கும். பன்னிரண்டாம் மாதத்தில் சூத்திரத்தைத் தொடாதீர்கள். மீதி 927.01, வட்டி 18.54, ஆகக் கடைசித் தவணை 945.55. அடியில் வரும் மொத்தத்தை மேலே உள்ள வரிகளைக் கூட்டித்தான் போட வேண்டும், தனிச் சூத்திரத்தில் அல்ல. கணக்கர் எதைத் தட்டினாலும் அப்போது இடிக்காது.

பைசாதானே என்கிறீர்கள். அதே கடன் 20,000 என்றால் தவணை 1,891.1919, திரையில் 1,891.19. கடன் வாங்கியவர் பன்னிரண்டு மாதமும் சொன்னதைச் சொன்ன தேதியில் கட்டியிருப்பார். உங்கள் பேரேட்டில் இரண்டு பைசா பாக்கி நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் 12 சுற்றறிக்கைப்படி, பாக்கி முழுதாகக் கட்டப்பட்டதா என்பதை அன்றன்றைய டே எண்டில், அதாவது நாள் முடிவுக் கணக்கில், பார்க்க வேண்டும். உங்கள் நிரல் இரண்டு பைசாவையும் பாக்கி என்றே எண்ணும். 90 நாள் கழித்து ஒழுங்காகக் கட்டியவரின் கணக்கு வாராக்கடன் ஆகும், அது கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலுக்கும் போகும். ஃபினராக்ட்டில் இதற்காகவே, இத்தனை ரூபாய் வரை பாக்கியாக எண்ணாதே என்று ஒவ்வொரு கடன் திட்டத்துக்கும் வரம்பு வைக்க இடமிருக்கிறது. கிராமீன் ஃபவுண்டேஷன் தொடங்கிய மிஃபோஸ் என்ற நுண்கடன் மென்பொருளிலிருந்து வளர்ந்து, 2017-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது அது. சொந்தமாக எழுத உட்காரும் முன் அதன் தரவுத்தள டேபிள்களையாவது ஒருமுறை புரட்டியிருக்கலாம். பணம் நிற்கும் இடமெல்லாம் டெசிமல் 19,6, அதாவது மொத்தம் 19 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 6, துல்லியமாக; ஃப்ளோட் கிடையாது.

டெசிமலுக்கு மாறினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மீதி அசல் 4,206.25 என்று வையுங்கள். 2 சதவீதம் 84.125. பைத்தானின் டெசிமல், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், சரிபாதி வரும்போது இரட்டைப்படைப் பக்கம் சாய்ந்து 84.12 என்னும். அதே எண்ணை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ரவுண்ட் போட்டால் 84.13. திரையைப் பைத்தானும் அறிக்கையைத் தரவுத்தளமும் கணக்கிட்டால் மாதக்கடைசியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். முழுமையாக்குவது ஒரே ஃபங்ஷனில் நடக்கட்டும். எந்த விதியில் முழுமையாக்கினீர்கள் என்பதை ஒவ்வொரு கடனின் வரியிலும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெளியீட்டில் விதியை மாற்றும் அன்று, கையெழுத்தாகிப் பீரோவில் இருக்கும் பழைய ஒப்பந்தங்களின் அட்டவணையும் சேர்ந்து மாறிவிடும்.

போகிற போக்கில் இன்னொன்று. தாமதக் கட்டணத்தை நிலுவை அசலோடு டேபிளின் ஒரே நெடுவரிசையில் கூட்டி வைத்திருந்தால் இன்றே பிரியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைக்குப் பிறகு அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏறக் கூடாது. ஒரே நெடுவரிசையில் இருந்தால் அடுத்த மாதம் தானாக ஏறும்.

பரப்புவது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? உங்கள் கிட்ஹப் களஞ்சியத்தின் முகப்பில் மென்பொருள் திரையின் படங்களுக்குப் பதிலாக, கணக்கர் எக்செல்லில் திறந்து பார்க்கக்கூடிய தாள்களை வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடன், கையால் போட்ட கணக்கு, மென்பொருளின் கணக்கு, பக்கத்தில் வித்தியாசம். 10,000-மும் 20,000-மும் முதல் இரண்டு. முன்கூட்டி அடைத்த கடன் ஒன்று. 28-ஆம் தேதி வசூலாகி 2-ஆம் தேதி பதிவான ரசீது ஒன்று. வசூல் தேதியும் பதிவு தேதியும் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்க வேண்டும், தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட வேண்டும். வாராக்கடனுக்கு நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம், 2021 சுற்றறிக்கையே உதாரணம் கொடுத்திருக்கிறது: 2021 மார்ச் 31 அன்று கட்ட வேண்டியது நின்றுபோனால் ஏப்ரல் 30 அன்று எஸ்எம்ஏ-1 (வாராக்கடனுக்கு முந்தைய எச்சரிக்கைப் படி), மே 30 அன்று அடுத்த படியான எஸ்எம்ஏ-2, ஜூன் 29 அன்று வாராக்கடன். அந்தத் தேதிகளை அப்படியே நிரலைச் சோதிக்கும் டெஸ்டில் போடுங்கள். ஒரு நாள் பிசகினாலும் அந்த வெளியீடு வெளியே போகக் கூடாது.

அந்தக் கணக்கருக்கு இந்த வாரமே போன் போடுங்கள். மென்பொருளை விற்க வேண்டாம். நீங்கள் சொன்ன ஐந்து பைசாவைக் கண்டுபிடித்துவிட்டோம், கடைசித் தவணை 945.55 என்று சொல்லுங்கள். வேறு எங்கெல்லாம் இடிக்கும் என்று கேட்டால், குறைந்தது பத்துக் கடன்களைச் சொல்வார். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா