சுளுக்கு என்று நினைத்த தோள்வலி

சுறா, ஜெல்லி மீன், காது வலி, குகை இருட்டு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். கடந்த ஆண்டு கிரீஸின் சாகிந்தோஸ் தீவில், கேரி விரிகுடாவில், உங்கள் 46 வயதுக் கணவர் மூன்று நாள் தொடர்ந்து ஸ்கூபா டைவிங் செய்தார். கடைசி நாள் மாலை நான்கு மணிக்குக் கரையேறினார். இரவு இடது தோள் வலித்தது, விரல்கள் மரத்துப்போயின. சிலிண்டர் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். காலை ஆறு மணிக்கு விமானம் ஏறினார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இந்தச் செப்டம்பரில் அதே குகைகளுக்கு மறுபடியும் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

உங்களைத் தூங்கவிடாதது அந்த விரல்கள்தான் என்று எனக்குப் படுகிறது. சுறா சும்மா துணைக்கு வந்திருக்கிறது.

இணையம் அவருக்கு மூளைக்கட்டி வரை சொல்லிவிட்டதாம். டைவிங் முடிந்த சில மணி நேரத்தில் மூட்டு வலியும் மரத்துப்போதலும் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுத்தக் குறைவு நோயை (decompression sickness). இரத்த அழுத்தம் அல்ல, மேலே வரும்போது உடலைச் சுற்றி நீரின் அழுத்தம் குறைவதால் வருவது. இடது தோள் என்பதால் இதயக் கோளாறாகவும் இருக்கலாம், ஒரு இசிஜியும் எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரு வலி மாத்திரை மூடி மறைத்துவிட்டது.

சிலிண்டரில் ஆக்சிஜன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருப்பது ஆக்சிஜன் அல்ல. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கும். நிதானமாக மேலே வந்தால் பெரும்பாலும் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினாலோ, நாள்தோறும் பலமுறை இறங்கினாலோ, மிச்சமிருப்பது உடலுக்குள்ளேயே குமிழியாகலாம். மூட்டருகே என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் விழும், சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

கிரேக்கத் தீவுகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. கலிம்னோஸ் தீவின் கடற்பஞ்சு மூழ்காளர்கள் காலங்காலமாக மூச்சடக்கி, கையில் கல்லோடு இறங்கியவர்கள். 1860-களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வந்தன. ஆழமும் நேரமும் கூடின. பலர் இறந்தார்கள், பலருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்தத் தீவில் மிஹானிகோஸ் என்றொரு நடனம் உண்டு. வரிசையின் முன்னால் ஆடுபவர் கைத்தடியை ஊன்றி, நடுங்கும் காலை எடுத்து வைக்க முடியாமல் தடுமாறுவார். அது அந்த மூழ்காளர்களின் நடை.

ஆகவே, டைவிங் முடிந்த 24 மணி நேரத்துக்குள் மரத்துப்போதல், கை கால் தளர்ச்சி, மூட்டு வலி, தள்ளாட்டம், சிறுநீர் கழிக்க முடியாமை, தோலில் திட்டுத் திட்டான நிறமாற்றம் என்று எது வந்தாலும் 112-ஐ அழையுங்கள். டைவிங் மையத்தில் ஆக்சிஜன் இருக்கும். முகமூடி வழியாக அதை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் வலி குறைந்துவிட்டால் ‘சரியாகிவிட்டது’ என்று எழுந்து போகக் கூடாது. அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஆக்சிஜன் தரும் அழுத்த அறைச் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அறிகுறி இருக்கும்போது விமானம் கூடவே கூடாது. அறிகுறியே இல்லாவிட்டாலும், பல நாள் டைவிங்குக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் ஏற வேண்டும். உங்கள் கணவர் 14 மணி நேரத்தில் ஏறியிருக்கிறார். தப்பித்தது அதிர்ஷ்டம்.

மற்றவை. சுறாவை மறந்துவிடுங்கள். ஜெல்லி மீன் பட்டால் கடல்நீரில் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். காது வலித்தால் சற்று மேலே வந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். திறக்காவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். மூக்கடைப்போடு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்தால், ஏறும்போது காற்று காதுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

குகையில், வாயிலின் பகல் வெளிச்சம் கண்ணில் படும் தூரத்தோடு நிற்கட்டும். அதற்கு அப்பால் போகத் தனிப் பயிற்சி வேண்டும். பதறினால் நேரே மேலே போக முடியாது, தலைக்கு மேல் பாறை. கூரையடியில் காற்றுப் பை தெரிந்தாலும் வாய்க்கருவியைக் கழற்றி அதைச் சுவாசிக்கக் கூடாது, அது கெட்ட காற்றாக இருக்கலாம். எங்கேயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறக் கூடாது, நுரையீரல் கிழியும்.

செப்டம்பருக்கு முன் டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் அவரை அழைத்துப் போங்கள். நரம்புப் பரிசோதனை செய்வார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத சிறு துளை இருக்கிறதா என்று எக்கோ எடுக்கச் சொல்லலாம். பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது உண்டு, பெரும்பாலோருக்குத் தொல்லையே இல்லை; டைவிங் செய்பவருக்கு மட்டும் குமிழிகள் அதன் வழியே மூளைக்குப் போகக்கூடும். அதுவரை அவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், நீச்சல் குளத்தில் சிலிண்டரோடு பழகுவதும் வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் அந்த மூன்று நாளின் ஆழமும் நேரமும் பதிவாகியிருக்கும். அழிப்பதற்கு முன் எடுத்துப் போங்கள். ‘அவ்வளவு ஆழமெல்லாம் போகவில்லை டாக்டர்’ என்று அவர் நிச்சயம் சொல்வார்.