மச்சானுக்குத் தனி வேன், வீட்டம்மா நகை பேங்கில்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 54, கைக்கு 62,000 வருகிறது. சத்துவாச்சாரியில் சொந்த வீடு. மகள் அயர்லாந்தில் கால்வே நகரத்தில் நர்ஸ். ஜூனில் நானும் மனைவியும் போகிறோம், டிக்கெட் மகளே போட்டுவிட்டாள். மச்சானும் தன் குடும்பத்தோடு, மூன்று பேர், சேர்ந்து வருகிறார். மோஹர் கிளிஃப் என்கிற கடலோரப் பாறையைப் பார்க்க டிரைவரோடு தனி வேன் அரை நாளுக்கு 650 யூரோ சொல்கிறார்கள். பஸ்ஸில் இடிபடவா இவ்வளவு தூரம் வர்றோம் என்கிறார் மச்சான். அது 65,000, அவர்கள் ஓட்டல் செலவு 55,000. 2021-ல் அவர் கடைக்காக 12 பவுன் வைத்து 2.5 லட்சம் எடுத்தேன். 2023-ல் 60,000, 2024-ல் 70,000, போன வருஷம் 1 லட்சம் மேலே எடுத்தேன். வட்டி ஒரு வருஷமும் தவறியதில்லை. இந்த 1.2 லட்சத்தையும் அதிலேயே எடுக்கலாமா, இல்லை ஆப்பில் வரும் டிராவல் லோனா? எதில் வட்டி குறைவு?

பதில்: நகைக்கடனில்தான் வட்டி குறைவு. இது உங்களுக்கே தெரியும், கம்பெனிக் கணக்கு பார்க்கிறவர். வீட்டுக் கணக்கை ஏன் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

9.5 சதவீதம் என்று வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டேன். முதல் இரண்டு வருஷம் 24,000 வீதம், அப்புறம் 29,000, 36,000, 46,000. ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட 1.6 லட்சம் வட்டி கட்டியிருக்கிறீர்கள், 2.5 லட்சக் கடன் 4.8 லட்சமாக நிற்கிறது. வட்டி தவறவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், சரி, அசலில் ஒரு ரூபாய் கட்டியதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லையே? பவுன் விலை ஏற ஏற கவுண்டரில் "இன்னும் தரலாம் சார்" என்பார்கள். நகை விலை ஏறினால் லாபம் நகைக்குச் சொந்தக்காரருக்கு. உங்கள் வீட்டில் மட்டும் அது ஒவ்வொரு வருஷமும் மச்சான் கைக்குப் போகிறது. இப்போது எடுத்தால் 6 லட்சம், வருஷ வட்டி மட்டும் 57,000, அதாவது ஒரு மாதச் சம்பளம், நகையோ லாக்கரை விட்டு அசையாது.

அதனால் திருப்பி வைத்து மேலே எடுக்கிற பழக்கம் இந்த வருஷத்தோடு நிற்கட்டும், மேலே ஒரு பைசா எடுக்காதீர்கள். மாதம் 15,000 ஒதுக்கி வட்டி போக மீதியை அசலில் கட்டினால் 3 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், போனஸையும் போட்டால் இன்னும் சீக்கிரம். ஒன்று செய்யுங்கள்: அடுத்த தடவை புதுப்பிக்கும்போது 12 பவுனையும் ஒரே கடனாக வைக்காமல் இரண்டு மூன்று தனிக் கடனாகப் பிரித்துக் கேளுங்கள். சின்னது முடிந்தால் அந்த நகை கைக்கு வந்துவிடும். ஐந்து வருஷம் கழித்து ஒரு ஜோடி வளையலாவது வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டம்மா முகத்தைப் பாருங்கள், அதற்கப்புறம் கட்டச் சொல்லி நான் எழுத வேண்டியிருக்காது.

டிராவல் லோன் பக்கமே போகாதீர்கள். முன்கூட்டியே அப்ரூவ் ஆனது, நோ காஸ்ட் என்றெல்லாம் ஆப்பில் மின்னும், உள்ளே போனால் பிராசசிங் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஊர் சுற்றிவிட்டு வந்து இரண்டு வருஷம் தவணை கட்டுவதை யார் கண்டுபிடித்தார்களோ.

இப்போது வேன். அந்த இடம் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமில்லை. அட்லாண்டிக் கடலுக்கு நேர் மேலே சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கிற பாறை, உயரமான இடத்தில் 214 மீட்டர், பக்கத்தில் 1835-ல் கட்டிய ஓபிரையன் கோபுரம். கால்வேயிலிருந்து போகவர மட்டும் மூன்று மணி நேரம் கார் ஓட்டம், ஆக அரை நாள் வேனில் பாறை மேல் நிற்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கினால் வெள்ளையாக ஒரு சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், 65,000 கொடுத்தவருக்கும் அதே பனிதான். கால்வேயிலிருந்து 350-ஆம் நம்பர் பஸ் அங்கேயே போய் நிற்கிறது. மகளுக்கு லீவு இருக்கிற நாளில், காலையில் வானம் பார்த்துவிட்டு ஏறுங்கள். மேற்குப் பார்த்த பாறை, மத்தியானத்துக்கு மேலே வெயில் நேராக விழும், வேன்காரர் கிளம்பலாம் என்று கடிகாரம் காட்டவும் மாட்டார்.

மச்சான் தனி வேனில்தான் வருவேன் என்றால் தாராளமாக வரட்டும், அவர் காசில். இதை நீங்கள் சொன்னால் சண்டை, அக்கா சொன்னால் முணுமுணுப்போடு போய்விடும், அதனால் வீட்டம்மாவே இப்போதே போன் போட்டுச் சொல்லட்டும், ஏர்போர்ட் போகிற வழியில் வேண்டாம். கடலோரப் பாறைதான் பார்க்க ஆசை என்றால் காட்பாடியில் ரயில் ஏறி வர்கலாவில் இறங்கட்டும், அங்கேயும் கடலை ஒட்டி நல்ல செம்பாறை நிற்கிறது. அந்த டிக்கெட்டை வேண்டுமானால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள், ஸ்லீப்பரில்.