எங்கள் ஊராட்சியில் முதியவர்களுக்கும் சுகர், பிரஷர் நோயாளிகளுக்குமான மருத்துவ, பராமரிப்புச் சேவையை டிஜிட்டல் உதவியோடு நிலைத்து நடக்கும்படி திட்டமிடுவது எப்படி?

ஊரில் ஏறத்தாழ 5,000 பேர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதானவர்கள் அதிகம், ஊர்ப் பையன்கள் மூன்று பேர் காசு வாங்காமல் ஒரு செயலி செய்து தருகிறோம் என்கிறார்கள், அதில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1991 முதல் 2023 வரை கரிசல் காட்டுக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். முதலில் நோட்டு, அப்புறம் கம்ப்யூட்டர், டேப்லெட், கடைசியில் என் சொந்த ஃபோன் என்று எல்லாவற்றிலும் பதிவு போட்டிருக்கிறேன்.

அந்தச் செயலியில் முதலில் இருக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாதம் மாத்திரை கிடைக்காமல் விட்டுப்போனவர் யார் என்ற பட்டியல். காலையில் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பும் பெண்ணின் கையில் அது தெருவாரியாக இருக்க வேண்டும். மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம்.

என் பழைய நோட்டில் வராதவர் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன். நோட்டைத் திறந்தால் வட்டங்கள்தான் கண்ணில் படும், அன்றைக்கு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கம்ப்யூட்டர் வந்தபோது நோட்டை நிறுத்தச் சொன்னார்கள். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் மேலே போனது. அந்த வட்டம் மட்டும் எங்கேயும் இல்லை. நாங்கள் உள்ளே போட்ட விவரம் எங்களுக்கே திரும்பி வரவில்லை. நான் நோட்டை விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன், என் கூட்டாளிகள் பலரும் அப்படித்தான். ஒரே வேலையை இரண்டு தடவை எழுதும் நிலை வந்தால், எது தனக்கு உதவுகிறதோ அதை மனிதர்கள் ஒழுங்காக எழுதுவார்கள். மற்றதை ஒப்புக்கு நிரப்புவார்கள்.

ஒப்புக்கு நிரப்புவது என்றால் என்னவென்று உங்கள் பையன்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு ரிவ்யூ மீட்டிங்கில், ஒரு ஊரின் பிரஷர் பதிவுகளைத் திரையில் வரிசையாகக் காட்டினார்கள். 120/80, 130/80, 120/80, 130/80 என்று பக்கம் பக்கமாக ஓடியது. நிஜ மனிதர்களின் பிரஷர் அப்படி வராது, 134/86 வரும், 151/92 வரும். அதைப் பதிந்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் இத்தனை பேர் பதிவாக வேண்டும் என்று டார்கெட் வைத்தால், கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பதிவு ஏறிவிடும். பதிவு எண்ணிக்கையை வைத்து யாரையும் பாராட்டவோ திட்டவோ கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

கிழக்குத் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். மூன்று மாதமாக அவர் பெயருக்கு நேரே "மருந்து வழங்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் இருந்தது. பேத்தியின் தடுப்பூசிக்காக அந்த வீட்டுக்குப் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்கியது, அதற்குள் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. கேட்டேன். "கால் வீங்குது நர்ஸம்மா, வேணாம்னு சொன்னா நீங்க கோச்சுக்குவீங்களோன்னு வாங்கி வச்சுட்டேன்" என்றார். அம்லோடிபினுக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். துணை சுகாதார நிலையத்தில் இருந்த இடைநிலை சுகாதார செவிலியர், ஈசஞ்சீவனி என்ற அரசின் தொலை மருத்துவச் சேவை வழியாக டாக்டரோடு வீடியோவில் பேசி, மருந்தை மாற்றி வாங்கிக் கொடுத்தார். பாட்டி ஆரம்ப சுகாதார நிலையம் வரை பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. டிஜிட்டல் உதவி என்றால் எனக்கு இப்படித்தான் புரிகிறது. ஆனால் அந்த வீடியோ அழைப்புக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த மஞ்சள் பையைப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் உங்கள் செயலியில் "மருந்து கொடுத்தாயிற்றா" என்று மட்டும் கேட்காதீர்கள். "போன மாத மாத்திரையில் மீதி எத்தனை" என்று ஒரு கட்டம் வையுங்கள். மீதி அதிகம் இருந்தால் அந்தப் பெயர் தானாகவே விட்டுப்போனவர் பட்டியலில் ஏறட்டும். ஏன் சாப்பிடவில்லை என்பதை எழுத ஒரு வரி இடமும் வேண்டும், தமிழில், பேசுகிற மாதிரி எழுத விடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம், இதைப் போடாமல் திட்டம் போடவே முடியாது. 2020-ல் தமிழ்நாட்டில் சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்காக எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு பிரஷர், 17.6 சதவீதம் பேருக்கு சுகர் என்று தெரிந்தது. அதைவிட மனதை அடித்த எண் வேறு: பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான், சுகரில் 10.8. உங்கள் ஊரில் பெரியவர்கள் 3,500 பேர் என்று வைத்துக்கொண்டால் பிரஷர் ஏறத்தாழ 1,190 பேருக்கு இருக்கும், சுகர் 615 பேருக்கு. ஒரு பெண் நாளைக்கு 15 வீடு என்று மாதம் 25 நாள் நடந்தால் 375 வீடு. எல்லோர் வீட்டுக்கும் போகவே முடியாது. நடக்க முடிகிறவர்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரட்டும். படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், மாத்திரையை விட்டவர்கள், இந்த மூன்று கூட்டத்துக்கு மட்டும் வீட்டுப் படி ஏறுங்கள். இப்படிப் பிரித்துக் கொடுப்பதை ஒரு செயலி நன்றாகவே செய்யும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, இத்தனை காலம் நாங்கள் அரைகுறையாகச் செய்ததை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி பிறந்தது என்று மகிழ்ந்தேன். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வரும் தன்னார்வலர் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து மருந்து கொடுக்கிறார். வட்டாரத்துக்கு ஒரு வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. உங்கள் ஊரிலும் அந்தத் தன்னார்வலர் இருப்பார். அவர் ஏற்கெனவே அரசின் செயலியில் பதிவு போடுகிறார். அவரிடம் போய் "எங்கள் செயலியிலும் போடுங்கள் அக்கா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் ஒரு வாரம் வேலைக்குப் போகும்போது பையன்கள் மூவரும் கூடவே நடக்கட்டும், எந்த இடத்தில் அவர் நின்று யோசிக்கிறார் என்று பார்க்கட்டும். அந்த இடத்துக்கு மட்டும் கருவி செய்யுங்கள். ஒரு எளிய விரிதாளே போதும் என்று தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபோன் நம்பர் விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு தாத்தாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. சாதாரண ரப்பர் குழாயைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விட்டால் அடைப்பும் தொற்றும் வரும். மாற்ற வேண்டிய தேதிக்கு முன்னால் குறுஞ்செய்தி தவறாமல் போனது, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கும் மகனின் ஃபோனுக்கு. வீட்டில் இருந்த பாட்டியிடம் ஃபோனே இல்லை. கடைசியில் பாட்டி, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அந்தத் தேதித் தாளின் முனையை மடக்கி வைத்தார். தினமும் ஒரு தாளைக் கிழிப்பவர் என்பதால் அதைத் தவற விடவே இல்லை. நினைவூட்டல் யாருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கேளுங்கள். சில வீட்டுக்கு மகள், சில வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா, சில வீட்டுக்கு நாள்காட்டிதான்.

அப்புறம் மருந்து. பட்டியல் சரியாக இருந்து, ஆளும் போய், பையில் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் இல்லையென்றால் அடுத்த முறை கதவு திறக்காது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. எவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம், எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் இருக்கும், மாவட்டக் கிடங்கில் காட்டி எடுக்க வேண்டும். கிடங்குகளின் இருப்பைக் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்திருந்தார்கள். உங்கள் ஊர் அளவிலும் அதேபோல ஒரு எச்சரிக்கை இருக்கட்டும்: பத்து நாளைக்கான மாத்திரைதான் மீதி என்றால் மருந்தாளுநருக்குத் தகவல் போய்விட வேண்டும்.

ஒரு பதிவு முறை ஏன் நிலைக்கிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த உதாரணம் பிக்மி நம்பர். கர்ப்பிணிகளைப் பதியும் அந்த முறை வந்தபோது நாங்கள்தான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்று ஆனதும், தாய்மார்களே தேடி வந்து "நம்பர் போட்டுக் குடுங்க சிஸ்டர்" என்றார்கள். உங்கள் பதிவால் அந்த வீட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரை வீடு தேடி வருகிறது, படுத்திருப்பவருக்குத் தேதி தவறாமல் செவிலியர் வருகிறார் என்றால் போதும்.

நிலைத்து நடப்பது என்று கேட்டீர்களே, அது பணத்தில்தான் இருக்கிறது. கேரளத்தில் 2001 வாக்கில் மலப்புறம் பக்கத்தில் அக்கம்பக்கத்தவர்களே சேர்ந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் வலையமைப்பைக் கட்டினார்கள். 2008-ல் அரசு அதற்கென்று கொள்கை வெளியிட்டது. உள்ளாட்சிகள் தங்கள் திட்டத்தில் செவிலியர் சம்பளத்தையும் வண்டிச் செலவையும் சேர்த்துக்கொண்டன. தன்னார்வமாகத் தொடங்கினாலும், ஆண்டுதோறும் வரும் ஒரு பணத்தில் அதைக் கட்டிப்போட்டதால்தான் அது தொடர்ந்தது. நம் பக்கம் சுகாதார ஊழியர்கள் ஊராட்சியின் கீழ் இல்லை, ஆனாலும் சில சின்னச் செலவுகளை ஊராட்சி ஏற்கலாம்: ஃபோன் ரீசார்ஜ், பிரஷர் கருவியின் பேட்டரி, தொலைவில் இருக்கும் குடியிருப்புக்குப் போக ஆட்டோ வாடகை. இவை இல்லாமல்தான் நல்ல வேலைகள் நின்று போவதைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு அமைத்த பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. இப்படிக் காலவரம்பு உள்ள பணத்தைக் கட்டடத்துக்கும் கருவிக்கும் வையுங்கள், ஆள் சம்பளத்தை அதில் தொங்கவிடாதீர்கள்.

பையன்கள் நாளைக்கு வேலை கிடைத்து பெங்களூர் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். கடவுச்சொல்லும் தரவும் அவர்கள் லேப்டாப்பிலேயே இருந்துவிடக் கூடாது. இணையம் இல்லாமலும் பதிவு ஏற வேண்டும். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் சிக்னல். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: யாருக்கு என்ன நோய் என்ற பட்டியலை ஊர் வாட்ஸாப் குழுவில் போடவே கூடாது. காசநோய் இருக்கிறது என்பது வெளியே தெரிந்து ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு முறிந்ததை நான் அறிவேன். தன்னார்வலர் தன் தெருவை மட்டும் பார்க்கட்டும், ஊராட்சிக்கு எண்ணிக்கை போதும்.

அந்த எண்ணிக்கையை கிராம சபையில் சத்தமாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறதே. இந்த இரண்டு மாதத்தில் மாத்திரை விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வீட்டுக்கு ஆள் போனது, மருந்து இருப்பு எத்தனை நாள் இல்லாமல் இருந்தது, குழாய் மாற்றும் தேதி எத்தனை பேருக்குத் தவறியது. இந்த நான்கு எண் போதும், பெயர் வேண்டாம். முதல் கூட்டத்தில் எண்கள் மோசமாகத்தான் இருக்கும். அதற்காக அந்தத் தன்னார்வலரை யாரும் எழுந்து கேள்வி கேட்காதபடி ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எல்லாமே 120/80 ஆகிவிடும்.