ரோமானியக் காசின் பூப்பக்கம்

வணக்கம் சார்,

சேரர் துறைமுகமான முசிறியின் மிளகு வணிகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபிறகு இதைக் கேட்கத் தோன்றியது. நான் புதுக்கோட்டைக்காரன், இப்போது இங்கிலாந்தில் ரெடிங்கில் வேலை. இங்கே ரோமானியச் செப்புக்காசு ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைக்கிறது. விளையாட்டாக ஒன்று வாங்கப்போய் இப்போது ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஓநாயிடம் இரண்டு குழந்தைகள் பால் குடிக்கும் காசு, இரண்டு சிப்பாய்கள் நிற்கும் காசு, குதிரையிலிருந்து சரிகிறவனை ஈட்டியால் குத்தும் காசு. வெள்ளி தினாரியஸ் ஒன்றே ஒன்று, அதில் தராசு பிடித்த பெண். ‘இதெல்லாம் அந்தக்கால அரசாங்க விளம்பரம், இதைப்போய்ச் சேர்க்கிறாயே’ என்று அலுவலக நண்பர் கேலி செய்கிறார். நிஜமாகவே அக்கால மக்கள் இந்தப் படங்களைப் பார்த்தார்களா? எல்லோரும் சொல்வதுபோல நானும் ‘பன்னிரண்டு சீசர்கள்’ வரிசையை, அதாவது ஜூலியஸ் சீசர் முதல் பன்னிரண்டு ஆட்சியாளர்களுக்கும் ஒவ்வொரு காசு என்று சேர்க்க ஆரம்பிக்கலாமா? அப்புறம், எங்கள் ஊர்ப் புதையலில் ராஜா முகத்தை வெட்டி வைத்திருக்கிறார்களாமே, அது என்ன கோபம்?

எம்., ரெடிங்

—

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் சொல்வது சரிதான், விளம்பரம்தான். ஆனால் அதனால்தான் சேர்க்கவேண்டும் என்பேன். பேரரசர்களின் சிலைகள் உடைந்தன, அறிக்கைகள் எரிந்தன, அவர்கள் தங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல நினைத்தது மட்டும் லட்சக்கணக்கில் அச்சாகி மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. சேகரிப்பவர்களில் பாதிப்பேர் தலைப்பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், எந்தச் சக்கரவர்த்தி, தேய்ந்திருக்கிறதா, மூக்கு சரியாக விழுந்திருக்கிறதா என்று. சுவாரசியமெல்லாம் பூப்பக்கத்தில் இருக்கிறது.

கி.பி. 69ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்கள். ஜனவரியில் கல்பாவைக் கொன்றுவிட்டு ஓதோ பதவிக்கு வருகிறார், ஏப்ரலில் விட்டெல்லியஸின் படையிடம் தோற்றுத் தற்கொலை செய்துகொள்கிறார். நடுவில் இருந்தது மூன்று மாதம், அந்த மூன்று மாதமும் எதிரிப்படை வடக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அப்போது அவர் அடித்த காசில் என்ன இருக்கிறது தெரியுமா? ஆலிவ் கிளை பிடித்த அமைதித் தேவதை, சுற்றிலும் ‘பாக்ஸ் ஆர்பிஸ் டெர்ராரம்’, அதாவது உலகம் முழுவதும் அமைதி. (தலைப்பக்கத்தையும் ஒரு தடவை பார்க்கலாம். ஓதோ டோபா வைத்திருந்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்யூட்டோனியஸ் எழுதியிருக்கிறார், காசிலும் தலைமுடி வரிசை வரிசையாக, சந்தேகப்படும்படிதான் இருக்கிறது.)

இதைவிட எனக்குப் பிடித்தது 238ஆம் வருடக் கதை. செனட் சபை பால்பினஸ், புப்பியேனஸ் என்று இரண்டு முதியவர்களைச் சேர்ந்து ஆளச் சொல்லி நியமித்தது. இருவர் பேரிலும் வந்த ஒரு வகை வெள்ளிக்காசின் பூப்பக்கத்தில் பற்றிக்கொண்ட இரண்டு கைகள், அவ்வளவுதான் படம். சுற்றி ‘பரஸ்பர அன்பு’, ‘பரஸ்பர நம்பிக்கை’, ‘பரஸ்பரப் பாசம்’ என்று ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு வாசகம். இருவருக்கும் ஆகவே ஆகாது. காவல்படை அரண்மனைக்குள் புகுந்தபோது புப்பியேனஸ் தன் ஜெர்மானிய வீரர்களைக் கூப்பிடலாம் என்கிறார், அவர்களை வைத்துத் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான் என்று பால்பினஸ் தடுக்கிறார். அந்த வாக்குவாதம் முடிவதற்குள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப்போய்க் கொன்றுவிட்டார்கள். அக்கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன் இதை எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அந்தக் கைகுலுக்கும் காசைப் பார்த்தால் சிரிப்பை அடக்கமுடியாது. பின்னால் வந்த பேரரசர் கேலியெனஸின் காசுகளில் ‘படையினரின் விசுவாசம்’ திரும்பத் திரும்ப வரும், அவரை 268இல் கொன்றது சொந்தப் படை அதிகாரிகள். ஆக, எதைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்களோ அதற்குத்தான் அந்த வருடம் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் ஏமாறமாட்டீர்கள்.

உங்கள் டப்பாவில் இருப்பவையும் சாதாரணப்பட்டவை இல்லை. ஓநாய்க் காசு கான்ஸ்டன்டைன் காலத்தது, புதிய தலைநகரம் கான்ஸ்டான்டிநோபிளை 330இல் திறந்துவைத்ததை ஒட்டி அடிக்கப்பட்டது. தலைப்பக்கத்தில் பேரரசரே இல்லை, தலைக்கவசம் போட்ட ரோம் நகரத் தேவதை. இதற்கு ஜோடியாகப் புதிய நகரத்தின் பேரில் ஒரு காசு உண்டு, கப்பலின் முனையில் வெற்றித் தேவதை நிற்கும், அதையும் தேடி வாங்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கிறித்தவத்துக்கு மாறியவர் என்று நாம் படித்த மனிதர் பழைய ரோமுலஸ், ரீமஸ் கதையைக் காசில் விடாமல் வைத்திருக்கிறார். அதுமட்டும் இல்லை, அவர் மனம் மாறியதாகச் சொல்லும் 312க்குப் பிறகும் சில வருடங்கள் ‘வெல்லமுடியாத சூரியன், என் தோழன்’ என்று சூரியக் கடவுளையும் காசில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரே நாளில் மனம் மாறினார் என்கிற பாடப்புத்தகக் கதையை இந்தச் செப்புக்காசுகள் கொஞ்சம் ஆட்டிவைக்கின்றன.

சிப்பாய்க் காசில் இருவருக்கும் நடுவே எத்தனை படைக்கொடிகள் என்று எண்ணிப்பாருங்கள். இரண்டு இருந்தால் முந்தையது, ஒன்று இருந்தால் 330களின் நடுவுக்குப் பிந்தையது. இடையில் காசின் எடையைக் குறைத்துவிட்டார்கள், வட்டம் சிறுத்துப்போனது, ஒரு கொடிக்கு இடமில்லை! படத்தின் கீழே கோட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன எழுத்துகள் எந்த ஊர் நாணய அச்சகம் என்று சொல்லும், டி.ஆர். என்று தொடங்கினால் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ட்ரியர். ஈட்டியால் குத்தும் காசில் இருக்கும் வாசகம் ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’, நல்ல காலம் திரும்பிவிட்டது என்று பொருள். ரோம் பிறந்து 1100 வருடம் ஆனதாகக் கொண்டாடிய 348 வாக்கில் தொடங்கிய வரிசை இது. அப்போது ஆண்டுகொண்டிருந்த சகோதரர்கள் இருவரில் இளையவரான கான்ஸ்டன்ஸை 350இலேயே கொன்றுவிட்டார்கள். நல்ல காலம்!

சரி, மக்கள் இதையெல்லாம் பார்த்தார்களா? தலையைப் பார்த்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். யாருடைய உருவம் இது என்று ஏசு கேட்ட தினாரியஸ் கதை எல்லோருக்கும் தெரியும். தத்துவஞானி எபிக்டெட்டஸும் ஓர் இடத்தில், இந்தக் காசில் யார் முத்திரை, ட்ராஜனா, கொடு, நீரோவா, தூக்கி எறி என்கிற மாதிரிப் பேசுகிறார், மனிதர்களின் குணத்தைச் சொல்ல வந்த இடம் அது. ஆனால் பூப்பக்கத்தைப் பற்றி ரோமானிய நூல்களில் பேச்சே மிகக் குறைவு. சீசரைக் கொன்ற ப்ரூட்டஸ் இரண்டு கத்திகளையும் விடுதலைத் தொப்பியையும் போட்டுக் காசு அடித்ததைக் காசியஸ் டியோ குறிப்பிடுகிறார், அந்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும்தான். ரோம் கடைவீதியில் ரொட்டி வாங்கினவன் தராசுப் பெண்ணைப் பார்த்து, ஆகா நம் அரசு நேர்மையானது என்று உருகியிருப்பான் என்று நான் நம்பவில்லை.

படத்தைக் கவனமாகப் பார்த்தவர்கள் வெளியாட்கள் என்று நினைக்கிறேன். ஜெர்மானியர்கள் பழகிப்போன பழைய காசைத்தான் வாங்குவார்கள், ஓரம் ரம்பம்போல வெட்டியதும் இரட்டைக் குதிரைத் தேர் போட்டதும்தான் அவர்களுக்கு வேண்டும் என்று டாசிடஸ் எழுதுகிறார். அவர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழைய காசுகள் அவை. தேர்ப்படம் இருந்தால் வெள்ளி சுத்தம், அவ்வளவுதான் கணக்கு. ப்ளினி சொல்லும் இலங்கைக் கதை இன்னும் அழகு. புயலில் அடித்துக்கொண்டுபோய் அங்கே கரையொதுங்கிய ஒருவனிடம் இருந்த தினாரியஸ்களைப் பார்த்து அந்நாட்டு மன்னர் வியந்தாராம். முகங்கள் வேறுவேறாக இருக்கின்றன, அப்படியானால் வேறுவேறு பேர் அடித்தது, ஆனால் எடை எல்லாம் ஒன்று, இவர்கள் நாணயமானவர்கள்தான் என்று. அந்தக் கதை எந்த அளவுக்கு உண்மையோ, காசைப் படிக்கிற விதம் அதில் சரியாக இருக்கிறது.

நம் வணிகர்களும் இதே ரகம். கொங்குநாட்டுப் புதையல்களில் வெள்ளிக்காசு என்றால் பெரும்பாலும் இரண்டே படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று அகஸ்டஸ் காசு, அவர் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயம், ஈட்டிகளோடு நிற்பது. இன்னொன்று டைபீரியஸ் காசு, நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது. கி.பி. 64இல் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்தபிறகு, பழைய காசுக்கு இங்கே மதிப்பு கூடியது இயல்புதான். அந்தப் பேரன்கள் இருவரும் பட்டத்துக்கு வராமலே இளவயதில் செத்துப்போனவர்கள். கோவை பக்கம் வெள்ளலூரில் காசைப் புதைத்துவைத்தவருக்கு அவர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இரண்டு ஆட்கள் நிற்கிறார்களா, நல்ல வெள்ளி. வடக்கே குஷான அரசர் குஜுல கட்பீசஸ் ஒரு படி மேலே போய், ரோமானியத் தலை மாதிரியே ஒன்றைத் தன் செப்புக்காசில் போட்டுக்கொண்டார்.

இப்போது உங்கள் ஊர். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 தங்கக்காசுகள், பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. கோபமா என்று கேட்கிறீர்கள். முகத்தைக் கோபத்தோடு அழித்த காசுகள் உண்டு, ஆனால் அவை வேறு மாதிரி இருக்கும். பேரரசர் கரகல்லா தன் தம்பி கெட்டாவை 211இல் கொன்றபிறகு, அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிரே பார்க்கும் காசுகளில் தம்பி முகத்தை மட்டும் ஆசியா மைனர் நகரங்களில் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், பெயரையும் சேர்த்து. பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். புதுக்கோட்டை வெட்டில் அந்த வெறி இல்லை. ஒரு வெட்டு, அடுத்த காசு. உள்ளே தங்கம்தானா, முலாம் பூசியதா என்று சோதித்தார்கள் என்று ஒரு கருத்து, தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து எடுத்து வெறும் தங்கமாக ஆக்கினார்கள் என்று இன்னொரு கருத்து. எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. சோதிக்க மட்டும் என்றால் விளிம்பில் ஒரு கீறல் போதுமே, தலையைத் தேடிப்பிடித்து வெட்டவேண்டியதில்லை. இனி இந்த ஆளின் பேச்சு இங்கே செல்லாது, எடைக்கு எடை தங்கம் மட்டும்தான் என்று அறிவிக்கிற வெட்டு அது. யவனர் கப்பல்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’, அதாவது பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறு சொல்லும்போதும் காசு என்று சொல்லவில்லை பாருங்கள், பொன்தான்.

பன்னிரண்டு சீசர்கள் வேண்டாம். சீசரில் தொடங்கி டொமிஷியனில் முடியும் அந்த வரிசையை முடிக்க ஓதோவும் காலிகுலாவும் உங்கள் சம்பளத்தைத் தின்பார்கள். ஓதோவுக்கு ரோம் அச்சகத்தில் செப்புக்காசே அடிக்கவில்லை, ரோமில் அடித்தது வேண்டுமென்றால் வெள்ளியோ தங்கமோதான் வாங்கியாகவேண்டும். விலை ஏறிய இடத்தில் போலியும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெக்கர் என்கிற ஜெர்மானியர் தான் அடித்த போலிகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டி அச்சில் கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டிப் பழசாக்கினார் என்பார்கள். இப்போது வருகிற போலிகளில் நிறைய வார்ப்புதான், விளிம்பில் இணைப்புக் கோடும் பரப்பில் குமிழிப் புள்ளிகளும் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். போலியைவிடப் பெரிய தொல்லை, உண்மையான காசுக்குப் பொய்யான பூர்வீகம். மேலே சொன்ன ப்ரூட்டஸ் கத்திக் காசில், தங்கத்தில் அடித்த அசல் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, பூர்வீகப் பத்திரம் பொய் என்று தெரிந்து 2023இல் கிரீஸுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்துப் பவுண்டுக் காசாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று எழுதித்தரும் கடையில் வாங்குங்கள். ஊருக்கு வரும்போது டப்பாவைக் கொண்டுவந்துவிடாதீர்கள், நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் இங்கே தொல்பொருள், 1972ஆம் வருடச் சட்டப்படி அதை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, திரும்ப எடுத்துப்போவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அந்தப் பச்சைப் படலம் போனால் படமும் கூடவே போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பற்றிய கைகள் மட்டும் சேர்ப்பேன், அல்லது ஓநாய்க் காசை மட்டும், ஒவ்வோர் அச்சகத்துக்கும் ஒன்று. தராசுப் பெண் யார் என்று கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். அவள் அக்விட்டாஸ் என்கிற நேர்மையாக இருக்கலாம், மொனேட்டா என்கிற அச்சகத் தேவதையாகவும் இருக்கலாம், இரண்டு பேருக்கும் ஒரு கையில் தராசு, மறு கையில் பழம் நிறைந்த கொம்பு. சுற்றியிருக்கும் எழுத்து ஏயில் ஆரம்பிக்கிறதா, எம்மில் ஆரம்பிக்கிறதா என்று பார்த்தால் தெரியும். தேய்ந்திருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். புதுக்கோட்டைக் காசுகளில் சில பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, அவர்களுடைய நாணயப் பிரிவில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் படிப்பறையில் எடுத்துவைத்துக் காட்டுவார்கள். ரெடிங்கிலிருந்து லண்டன் ரயிலில் அரைமணி நேரம்தானே.