பக்கி கிட் வாங்கியாச்சு, முதல் செலவு எதற்கு?

நாகர்கோவில் பக்கம் செம்மண் டிராக்கில் நம்மோடு ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்) ஓட்ட வரும் புதியவர்கள் கேட்டவை. எல்லாம் நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவுள்ள, பேட்டரியில் ஓடும் பக்கி (மண் தரையில் ஓட்டும் ஆர்.சி. வண்டி) பற்றியவை.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, டாமியா கம்பெனியின் டிடி-02பி (TT-02B) பக்கி கிட் வாங்கியிருக்கேன். முதலில் வேகம் கூட்ட பிரஷ்லெஸ் மோட்டார் போட்டுவிடலாமா?

அவசரப்படாதே மக்கா. முதல் செலவு பேரிங். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் புஷ் தூசி ஏறியதும் தேய்ந்து சக்கரம் ஆடும். அதற்குப் பதில் 1150 பேரிங் போடு. வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5, தடிமன் 4 மி.மீ. வண்டியைக் கோக்கும்போதே போட்டுவிடு. பிறகு என்றால் கியர்பாக்ஸை முழுக்கப் பிரிக்கணும். அடுத்தது டயர், அப்புறம் டேம்பர் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்). மோட்டார் கடைசி. வளைவில் பிடிமானம் இல்லாத வண்டிக்கு வேகம் கூடினால் வேலியில் போய் முட்டத்தான் உதவும்.

குளச்சல்: கடற்கரை மணலில் ஓட்டலாமா அண்ணே?

ஓட்டலாம். கூடவே புது மோட்டாருக்கும் காசு எடுத்து வையுங்கள். நம்ம ஊர்க் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. அது காந்தத்துக்கு இழுபடும் தாது; மணவாளக்குறிச்சி ஆலையில் காந்தம் வைத்துத்தான் அதைப் பிரிக்கிறார்கள். கிட்டில் வரும் 540 மோட்டாரின் உறையில் காற்றோட்டத்துக்குத் திறப்பு உண்டு, உள்ளே காந்தமும் உண்டு. புகுந்த மணல் லேசில் வெளியே வராது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையும், அது உரசும் காம்யூட்டேட்டரையும் அரைத்துவிடும். போதாக்குறைக்கு உப்புக் காற்று. ஓட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

மார்த்தாண்டம்: ஸ்க்ரூ தலையெல்லாம் மழுங்கிப் போகுது.

ஜப்பான் கிட்டுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். வீட்டில் கிடக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் சரியாக உட்காராது.

ஆரல்வாய்மொழி: ஜம்ப் இறங்கியதும் வண்டி பந்து மாதிரி குதிக்கிறது. ஸ்பிரிங் மாற்றணுமா?

முதலில் டேம்பரைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழி எல்லாம் மேலே வந்து அடங்கும்வரை காத்திருந்து மூடினீர்களா? உள்ளே காற்று நின்றால் எவ்வளவு விலை உயர்ந்த டேம்பரும் வீண். ஸ்பிரிங்கைக் கழற்றி, இடது வலது டேம்பர் இரண்டையும் சேர்த்து அமுக்குங்கள். ஒரே அளவு கனம் தெரிய வேண்டும். அதன் பிறகும் குதித்தால் ஒரு படி கெட்டியான எண்ணெய் ஊற்றுங்கள். காலையில் சரியாக இருந்த வண்டி மத்தியான வெயிலில் குதிப்பதும் இதனால்தான், சூட்டில் எண்ணெய் இளகிவிடும். உங்கள் ஊர்க் காற்றில் வண்டி அந்தரத்தில் புரண்டால் அது வேறு கதை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை!

குலசேகரம்: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வெடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயம்தான். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். அடுத்த வாரம்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 3.8-ல் வையுங்கள். உங்கள் ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) லிப்போ கட்-ஆஃப், அதாவது வோல்ட் இறங்கினால் தானே நிறுத்தும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிக்கல் பேட்டரியே போதும். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

நாகர்கோவிலில் ஓர் அக்கா: மகனுக்காகக் கேட்கிறேன், வண்டியின் பாடிக்கு (பிளாஸ்டிக் மேல்கூடு) எந்தப் பக்கம் பெயின்ட் அடிப்பது?

உள்பக்கம் அக்கா. பாலிகார்பனேட்டுக்கான பெயின்ட் என்று கேட்டு வாங்குங்கள். வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிமை பெயின்ட் காய்ந்த பிறகுதான் உரிக்க வேண்டும், அதுவரை பையன் கையில் கொடுக்காதீர்கள்.