பூனை இருக்கும் வீட்டுக்குள் என்ன செடி வைக்கலாம்?

மணிபிளான்ட் இலையைப் பூனை கடிக்கிறது, வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதன் இலையில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பச்சைச் சேம்பு நாக்கை அரிக்குமே, அதே சங்கதிதான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பூனை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

பூங்கொத்தில் வரும் லில்லி அதைவிட மோசம். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடலாம். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பனை மாதிரி இருக்கும் சைக்கஸும் கூடாது, கல்லீரலைத் தாக்கும். நர்சரியில் அதைப் பனை என்று சொல்லித் தந்தாலும் வாங்காதீர்கள்.

சரி, எதை வைக்கலாம்? ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் பெரணி, கலாத்தியா, அரிக்கா பனை. எனக்கு அரிக்காதான் பிடிக்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரம் போதும். மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டி எடுக்கும், இலை நுனி பழுப்பாகும். அப்போது காற்று அடிக்காத மூலைக்கு நகர்த்துங்கள். அப்புறம், மழைக்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், வேர் அழுகிவிடும்.